மூன்றாவது பந்து
மாலை வெயில் வார்டு ஜன்னல் வழியே கட்டில்மேல் விழுகிறது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கணவன், மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுக்கிறான். முதல் பந்து எழும்புகிறது, இரண்டாவது தள்ளாடுகிறது. அவனுக்கு மூச்சு வாங்குகிறது. "பெயின்ட் புகைக்குப் பயந்து மாஸ்க் இல்லாம வேலையில கை வெச்சதில்ல. மாம்பழ வாசனைன்னு இ-சிகரெட்டுக்கு அதே மாஸ்க்கைக் கழட்டினேனே! வெறும் ஆவிதானேன்னு நெனச்சேன்." "அந்த ஆவியில இருந்த ரசாயனந்தான் நுரையீரலைப் புண்ணாக்கிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொழச்சு வந்தீங்களே, அது போதும் எனக்கு" என்கிறாள் மனைவி. 'இழுக்காதீங்க' என்று சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இழுங்க, இன்னும் இழுங்க" என்கிறாள். அவன் மறுபடி இழுக்க, மூன்றாவது பந்து உச்சியைத் தொட்டு நிற்கிறது. கண்ணில் நீர் முட்டுவதால் அவளுக்குத்தான் அது சரியாகத் தெரியவில்லை.