முப்பதாவது காசு

கடவுளின் மகனுக்கு விலை முப்பது வெள்ளி. இயேசுவைக் காட்டிக்கொடுத்த குற்றவுணர்வு தாளாமல் யூதாஸ் தரையில் விட்டெறிந்த அந்தக் காசுகளை, நேப்பிள்ஸ் பட்டு வியாபாரி அனியெல்லோ, தான் வாங்க வந்த ஓவியத்தில் விரல்விட்டு எண்ணுகிறார். ஜன்னல் வெயிலில் ஈரச் சாயம் மின்னுகிறது. "இருபத்தொம்பதுதாம்மா இருக்கு. ஒண்ணு குறையுற சரக்கு எனக்கு வேண்டாம்." ஓவியர் நூன்சியாவின் ஆறு மாத உழைப்பு அது. யூதாஸ் உருவத்துக்கு மாதிரியாக மண்டியிட்டிருக்கும் மீன்காரன் சீரோ, "சத்தியமா நான் எடுக்கல தாயி!" என்கிறான். அவள் தூரிகையை வெள்ளையில் தோய்த்து, படத்து யூதாஸின் மூடிய முஷ்டியில், விரலிடுக்கில், ஒரே ஒரு கீற்று இழுக்கிறாள். முஷ்டிக்குள் ஒளித்த காசின் விளிம்பாக அது மின்னுகிறது. "அடப்பாவி! அந்த ஒண்ண மட்டும் விட மனசு வரலியா?" என்று கத்துகிறார் அனியெல்லோ. "தரையில இருபத்தொம்பது, கையில ஒண்ணு. கணக்கு சரி. வாங்கிக்கிறேன்" என்கிறார், தன் பணப்பையை இறுகப் பிடித்தபடியே.