செவலையின் விருப்பம்

புல்லைப் பற்றி அறிய வேண்டியதையெல்லாம் அறிந்து முடித்த ஒரே மனிதர் நாச்சிமுத்து. இதை அவரே சொல்லியிருக்கிறார். போன வருஷம் அவர் தேர்ந்தெடுத்த விதை ஆளுயரத்துக்கு வளர்ந்தது. மாடுகள் வாய் வைக்கவில்லை. தீனியில்லாமல் இரண்டை விற்றாயிற்று. மிஞ்சியது செவலைப் பசு மட்டும்.

இப்போது மழை பெய்திருக்கிறது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். மனைவி பழனாத்தாள் இரண்டு வகைப் புல்லில் ஒவ்வொரு பிடி கொண்டுவந்தாள்.

"செவலைகிட்டக் காட்டுவோமுங்க. அது திங்கறதோட விதையைப் போடலாம்."

"மாட்டுக்கிட்ட யோசனை கேக்கறதா? அப்படியே அதுக்கு ஓட்டுரிமையும் வாங்கிக் குடு!"

அவள் தண்ணீருக்குப் போனதும், நாச்சிமுத்து இரு கைகளிலும் புல்லை ஏந்திச் செவலையின் முன் மண்டியிட்டார். அந்தப் பெரிய தலை தாழ்ந்து வந்தது. வெதுவெதுப்பான மூச்சு இடக்கையில் பட்டது, பிறகு வலக்கையில். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சொல்லுங்க அம்மணி," என்றார் மெதுவாக.