தடவியவர் கையெழுத்து

ஆறாவது கையெழுத்தைப் போடும்போது பேருந்து குலுங்கியது.

நல்லதாகப் போயிற்று. பூபதி அவசரத்தில் போட்டதுபோலவே விழுந்தது.

ஏழாவது, சாதிக். சாதிக் தன் பெயருக்கடியில் இரண்டு புள்ளி வைப்பான். இவனும் வைத்தான்.

மூன்று வருடமாக வகுப்புக்கு வராதவர்களுக்கெல்லாம் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த வலது கை. அதற்கு ஒன்றும் இல்லை.

இடது கைதான்.

பைக்கிலிருந்து விழுந்து எட்டு மாதம். மாவுக்கட்டு இருந்தவரை அந்தக் கை விடுதியின் பொதுச்சொத்து. எல்லோரும் அதில் எழுதினார்கள். ஒருவன் திருக்குறள் எழுத ஆரம்பித்து, பாதியில் மறந்து, மீதி இடத்தில் மீன் வரைந்தான்.

கட்டைப் பிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தது.

வலி மட்டும் போகவில்லை.

சட்டைக் கை உரசினால் எரிந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் சுட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு பாடப்புத்தகப் படம்போல நேராக இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் பிறகு அவனைப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் முன்புதான், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, சுண்டுவிரலில் பஞ்சால் ஒரு கோடு இழுத்தார். அவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எலும்பு கூடிருச்சு தம்பி. நரம்புக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல."

வெளியே வந்து, தனக்குத்தானே டீ வாங்கிக்கொடுத்துக் கொண்டாடினான். நோய் இருக்கிறதாம்.

தினம் ஒரு மாத்திரை. ஐந்து நிமிடம் பஞ்சால் தடவல். தொட்டால் ஆபத்தில்லை என்று நரம்புக்குப் புரியவைக்க. முதல் வாரம் தானே தடவிக்கொள்ளலாம். இரண்டாவது வாரம் அவன் கண்ணை மூடிக்கொள்ள, வேறு யாராவது தடவ வேண்டும். அதற்கு ஒரு தாள். நாள். வலி, பத்துக்கு எத்தனை. தடவியவர் கையெழுத்து.

அறைத்தோழன் ஜெரினிடம் கேட்டான்.

"பஞ்சு பட்டா வலிக்குதா? அப்ப பூ பட்டா ஐசியூவா மாப்ள?"

நல்ல நகைச்சுவை. அவனும் சிரித்தான். பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வேறு யாரிடமும் கேட்கவில்லை.

பேருந்தில் தாளை நிரப்பியபோது வலி மதிப்பெண்ணிலும் கவனமாக இருந்தான். எட்டு, ஏழு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. எந்தப் பாடத்திலும் அவன் இப்படிச் சீராக முன்னேறியதில்லை.

பிசியோதெரபி அறையில் செண்பகம் அக்கா தாளை வாங்கினார். முதல் நாள் பஞ்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"ஏழு நாளும் ஏழு பேரா? கொடுத்துவெச்சவன்யா நீ."

"ஆமாக்கா."

"மூணுக்கு வந்திருச்சே. அப்ப டாக்டர்ட்ட சொல்லி மாத்திரையக் கொறச்சிரலாம். இனிமே நீ இங்க வர வேணாம்."

இதை அவன் யோசித்திருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ பாத்துருவோம். கண்ண மூடு."

மூடினான். மூன்று மதிப்பெண் வலிக்காரன் எப்படி உட்கார்ந்திருப்பானோ, அப்படி உட்கார்ந்தான்.

பஞ்சு பட்டது.

கை அசையவில்லை. முகமும் அசையவில்லை. மூடிய இமையிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கித் தாடைக்கு வந்தது. அதற்கு அவன் பயிற்சி எடுத்திருக்கவில்லை.

பஞ்சு நின்றது.

தாளை மடிக்கும் சத்தம். பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"இப்பச் சொல்லு. எத்தன?"

"ஒம்போதுக்கா."

"ம்."

அவ்வளவுதான். பூபதி யார், சாதிக் யார் என்று அவர் கேட்கவில்லை. கைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைக்கும் ஒலி கேட்டது. ஓர் உள்ளங்கை அவன் முழங்கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது. வலிக்காத இடம் பார்த்து.

பஞ்சு மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்கியது.

எரிந்தது.

எரிந்துகொண்டே இருந்தது.

அலாரம் அடித்தது.

கேட்காததுபோல, அவன் கண்ணை மூடியே இருந்தான்.