மெஷினுக்கு ஏது மூக்கு?

கொச்சியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் தாளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போல நாலாகக் கிழித்துப் போட்டார் தேயிலை ஃபாக்டரியின் டீமேக்கர் கருத்தப்பாண்டி.

"மெஷினுக்கு ஏது மூக்கு? முப்பது வருசமா மோந்து பாத்தே நேரம் சொல்றவன் நான். எனக்குத் தாளு சொல்லுதாக்கும்!"

ஞானஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நொறுக்கிய தேயிலையை எத்தனை நிமிஷம் புளிக்க விட வேண்டும் என்று கம்பெனியின் புது கம்ப்யூட்டர் வாராவாரம் எழுதி அனுப்புகிறது. அதை ஏலப்பாறை ஃபாக்டரியில் பழக்கத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். கிழவரோ பிடி கொடுக்கவே இல்லை.

மூன்று மாதமாகத் தேயிலையில் மணமே இல்லையென்று மூட்டை மூட்டையாகத் திரும்பி வருகிறது. தப்பு யார் மேலோ, அந்த ஆள் இன்று சாயங்காலமே மலையிறங்க வேண்டும் என்று எஸ்டேட் மானேஜர் துரை சொல்லிவிட்டார். வேலை போனால் கிழவருக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். போய்த் தொலையட்டும் என்றிருந்தது ஞானஜோதிக்கு.

திடீரென்று பொசுங்கும் நாற்றம். தேயிலை உலர்த்தும் டிரையரில் ஒரு சாக்கு ஒட்டிக் கருகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே நின்ற கருத்தப்பாண்டி அசையவில்லை. ஞானஜோதிதான் ஓடிப்போய் இழுத்துப் போட்டான். எவ்வளவு திமிர் இந்த ஆளுக்கு!

"தாளைக் கிழிச்சுட்டு இஷ்டத்துக்கு விட்டா மணம் எங்கேருந்துய்யா வரும்? நோட்டை எடு."

கிழவர் எழுதி வைத்த நேரங்களைத் தன்னிடமிருந்த தாள்களின் நகலோடு ஒத்துப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை.

"அப்ப மெஷினு சொன்னதும் தப்புத்தான?" கிழவர் எகிறினார். "அதை மூட்டை கட்டுங்க!"

"மெஷின் தானா என்னய்யா சொல்லும்? சனிக்கிழமை தோறும் உன் நோட்டோட நகல் கொச்சிக்குப் போகுது. நீ எழுதின நேரத்தை வச்சுத்தான் அடுத்த வாரத் தாளே வருது. உன் மூக்கு சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லுது. கெட்டது உன் மூக்கு. பெட்டியைக் கட்டு!"

கருத்தப்பாண்டியின் முகம் வெளிறிப்போயிற்று. "என் நோட்டைப் பாத்தா அது எழுதுது?"

"பின்ன?"

கிழவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வைகாசிக் காய்ச்சல்லயே என் மூக்கு செத்துப்போச்சு சார்... அன்னையிலேருந்து நான் உங்க தாளைப் பாத்துல்ல எழுதுறேன்!"