மண்டப வாசலில் முதல் பந்தி

மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி மண்டப வாசலில் சட்டென்று நின்று, கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். பெண்ணின் அப்பா சிவக்கொழுந்து பதறி அவரருகே ஓடினார். நிச்சயதார்த்தத்தில் காப்பி ஆறியதற்கே முறுக்கிக்கொண்ட மனிதர். இவர் வீட்டில் மகள் எப்படிக் காலந்தள்ளுவாள்?

"என்ன குறை, சம்பந்தி?"

"உஷ்! அங்க பாருங்க."

வாசலில் கட்டிய வாழைமரத்தின் பூமடலுக்குள், வளைந்த நீள அலகை நெற்றிவரை நுழைத்து ஒரு தேன்சிட்டு குடித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடுறவங்கள எழுப்பினா பாவம். முடிக்கட்டும்."

"முகூர்த்தம் நெருங்குதுப்பா!" என்று மாப்பிள்ளை முனகினான்.

"உன் அவசரத்தவிட அதோட பசி பெருசு. சும்மா நில்லுடா."

சிட்டு அடுத்த பூவுக்கு நகர்ந்தது. ஊர்வலமே மூச்சடக்கி நின்றது.

சிவக்கொழுந்து, ஆரத்தித் தட்டோடு நின்ற மனைவியிடம் குனிந்தார். "பயப்படாத தேவகி. அந்த வீட்ல நம்ம பொண்ணு நிம்மதியாச் சாப்பிடுவா."