தேன் தடவிய கை

புண்ணுக்குப் போட்ட கட்டை அவிழ்க்கும்போது மட்டும் வார்டின் பெரிய சிஸ்டர் பேச மாட்டார். மற்ற நேரமெல்லாம் அவருக்கு வாய் ஓயாது.

அன்று இருபத்தோராம் நாள். என் இரண்டு கைகளையும் உப்பு நீரில் கழுவினார். பிசுபிசுப்பும் வாசனையும் போகும்வரை துடைத்து, வெள்ளைத் துணியின் மேல் அருகருகே வைத்தார். பார்க்க வருகிற டாக்டருக்கு எந்தக் கையில் எந்த மருந்து என்று தெரியக் கூடாது. ஆராய்ச்சியின் சட்டம் அது.

எனக்குத் தெரியும். இடது கைக்குத் தேன், வலது கைக்கு வழக்கமான களிம்பு. சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது.

நான் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவன். நீராவிக் குழாய் வெடித்து, முழங்கை முதல் விரல் வரை இரண்டு கையும் ஒரே மாதிரி வெந்துபோயின. அளவெடுத்து வெந்த மாதிரி இருப்பதாகத் தேன் டாக்டர் சந்தோஷப்பட்டார். எனக்குக் கடுப்பாக இருந்தது.

இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பது வலது கை. அந்த விரல்கள் மடங்காவிட்டால் என் பிழைப்பில் மண். தேன் வலதுக்கு விழுந்திருக்கக் கூடாதா என்று முதல் நாளிலிருந்தே மனசு அடித்துக்கொண்டது.

தேன் டாக்டர் என்பது வார்டு வைத்த பெயர். இளவயதுக்காரர். மருந்துக்கென்றே கிருமி நீக்கி ட்யூபில் அடைத்த தேனைத் தீக்காயத்துக்குப் போட்டு, களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக வேறு நினைப்பே இல்லை. இரண்டு கையும் வெந்தவர்களாக மொத்தம் நாற்பது பேர். நாற்பதாவது ஆள் நான்.

பெரிய சிஸ்டருக்கோ தேன் என்றால் இளக்காரம். ரொட்டியில் தடவுவதைப் புண்ணில் தடவச் சொல்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் அவர் அதைத் தடவுவதைப் பார்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில் தேன் இறுகிப்போய் ட்யூபை விட்டு வராது. அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, இளகும்வரை என் இடது பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை என்னையும் சும்மா விட மாட்டார். இந்த விரலை மடக்கு, அந்த விரலை நீட்டு, உன் கல்யாணக் கதையைச் சொல்லு என்று வேலை வைப்பார்.

ஒருநாள்கூட அவசரப்பட்டதில்லை. பிடிக்காத வேலையை இத்தனை பதமாகச் செய்கிற ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பார்க்க வந்த டாக்டர் வயதானவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புண்களை அளந்தார். இரண்டு கையிலும் ஆறியிருந்தது. இடது கை கொஞ்சம் முந்தியிருந்தது. பிறகு இரண்டு கைகளையும் இறுக்கி மூடச் சொன்னார்.

இடது கை மூடிக்கொண்டது. வலது கை பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றும் நகரவில்லை.

"இடது கை பிரமாதம். வலதுக்கு இவ்வளவுதான் வரும்போல."

வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

திரைக்கு வெளியே காத்திருந்த தேன் டாக்டர் உள்ளே வந்தார். இடது கையில் எந்த மருந்து என்று அவருக்குத் தெரியும். முகம் மலர்ந்துபோயிற்று. தாளைக் கையில் எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார் பெரிய சிஸ்டர்.

எல்லோரும் திரும்பினோம். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொன்னார். தேன் இளகும் நேரத்தில் இடது கை விரல்களுக்குத் தினமும் பயிற்சி கொடுத்திருக்கிறார். களிம்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அதனால் வலது கைக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவே இல்லை. விரல் மடங்கியதற்குத் தேன் காரணமில்லை, மடங்காததற்குக் களிம்பும் காரணமில்லை. இப்போது மூடச் சொன்னபோதுதான் தனக்கே உறைத்தது என்றார். பழக்கினால் இந்த வலது கையும் மடங்கும் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. தேன் டாக்டருக்குப் போயிருக்க வேண்டும்.

நாற்பது பேருக்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்று பெரிய சிஸ்டர் தலையாட்டினார்.

தேன் டாக்டர் வாதாடவில்லை. விரல் மடங்குவதைப் பற்றி மூன்று வருடமாக எழுதிவைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் குறுக்கே கோடு போட்டார். புண் ஆறிய கணக்கு மட்டும் மிஞ்சியது. அதில் தேன் மயிரிழைதான் முந்தியிருந்தது. வயதான டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.



பெரிய சிஸ்டர் அதற்குள் என் வலது கையைப் பிடித்து, மோதிர விரலை மெல்ல மடக்கத் தொடங்கியிருந்தார். வலியில் உயிர் போயிற்று. கத்தாமல் இருந்தேன்.

தேன் டாக்டர் தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டர் போனப்புறம் எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமேம்மா."

அம்மா என்று அவர் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். அதே மூக்கு, அதே நெற்றி. இருபத்தொரு நாள் இரண்டு பேரையும் எதிரெதிரே பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய சிஸ்டர் என் விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தனியா சொல்லியிருந்தா மறைச்சிரலாம்னு உனக்குத் தோணியிருக்கும்டா. எனக்கும் தோணியிருக்கும்."