காவல் கூலி

"பகலுக்குப் பன்னெண்டணா. ஒரு காசு கொறஞ்சாலும் வேற ஆளைப் பாத்துக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான் தேசப்பன்.

மிளகாய் மண்டி தங்கப்பாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றார்.

தேசப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தராசில் ஒரு மிளகாய் கூடுதலாக விழுந்தாலும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார் இந்த மனுஷன். எட்டணாவில் ஆரம்பித்து ஜவ்வாக இழுப்பார் என்று பயந்து வந்தால், வாய் திறந்ததுமே ஒப்புக்கொள்கிறாரே!

நாற்பத்திரண்டாம் வருஷத்துப் பங்குனி அது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், முதல் குண்டு துறைமுகத்தில்தான் விழும் என்று ஒரே பேச்சு. ராயபுரத்தில் பாதி வீட்டில் பூட்டுத் தொங்கியது. தங்கப்பாண்டி குடும்பமும் தெற்கே சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. வாசலில் லாரி நின்றது. மண்டியையும் அதன் பின்கட்டில் இருந்த வீட்டையும் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேடினார்கள்.

தேசப்பனுக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் மனைவி மங்கை நிறைமாசமாகக் குப்பத்துக் குடிசையில் கிடந்தாள். இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மீன்பிடிக்கக் கட்டுமரம் கடலில் இறங்காமல் பத்து நாளாகிறது, வீட்டில் அரிசிக்கே வழியில்லை. ஊரே ஓடும்போது உட்காரத் துணிந்தவனுக்குத்தான் கிராக்கி, கேட்டு வாங்கினால் என்ன தப்பு?

"ராக்காவலுக்குத் தனிக் கூலி. ஒரு ரூபா."

"தாரேன்."

"மத்தியானம் ஒரு மணி நேரம் வூட்டுக்குப் போய்ட்டு வருவேன்."

"போயிட்டு வா."

தேசப்பனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "இன்னொண்ணு அண்ணாச்சி. அபாயச் சங்கு ஊதுச்சினா ஒரு நிமிசம் நிக்க மாட்டேன். பூட்டிகினு குப்பத்துக்கு ஓடிருவேன். எம் பொஞ்சாதி நெறமாசமா கீது. அப்பால வந்து கூலியில புடிக்கக் கூடாது."

இதற்கு மட்டும் தங்கப்பாண்டி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி தங்கபுஷ்பம், "சரின்னு சொல்லுங்க, நேரமாவுதுல்லா" என்று அதட்டினாள். "சரி" என்றார் அவர்.

"பெரிய அண்ணாச்சி எப்டிக் கீறாரு? கையி காலு வெளங்காம பூட்ச்சினு சொன்னாங்களே?"

பெரியவர் சண்முகவேல், தங்கப்பாண்டியின் அண்ணன். மண்டியை ஆரம்பித்ததே அவர்தான். பொங்கலுக்கு அப்புறம் அவரை வெளியில் யாரும் பார்க்கவில்லை.

"இருக்காவ. எல்லாரும்தான ஊருக்குக் கெளம்புதோம்" என்ற தங்கப்பாண்டி, அவசரமாகப் பேச்சை மாற்றினார். "நீ கேட்டதெல்லாம் ஆச்சு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். காலைலயும் ராத்திரியும் கஞ்சி காய்ச்சி உள்ள வச்சிரணும். நல்லாக் குழைய விடணும்."

படியில் கறுப்பு நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. தேசப்பன் அதைப் பார்த்துச் சிரித்தான். "ஐயே, ராசா வூட்டுக் கவனிப்பால்ல கீது! அதுக்கு ஒரணா மேல போடுங்க."

"ரெண்டணா வாங்கிக்க" என்றார் தங்கப்பாண்டி.

பதினைந்து நாள் கூலியை முன்பணமாகவே கொடுத்துவிட்டார். தேசப்பன் அதை மடியில் முடிந்துகொண்டான். மருத்துவச்சிக்கும் ஆச்சு, அரிசிக்கும் ஆச்சு. மங்கையிடம் போய் இந்த பேரத்தைச் சொன்னால் நம்பவே மாட்டாள்.

லாரியில் மிளகாய் மூட்டைகள் கூரை உயரத்துக்கு ஏறின. அதற்கு மேல் டிரங்குப் பெட்டிகள், பித்தளைத் தவலை, ஆட்டுக்கல். மிச்சமிருந்த இடத்தில் தங்கபுஷ்பமும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சின்னப் பெண் மட்டும் நாயைக் காட்டி, "மணியும் வரணும்" என்று கத்தித் தீர்த்தாள். தங்கப்பாண்டியே இறங்கிவந்து நாயைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். லாரி நகர்ந்தது.

தேசப்பன் பின்னாலேயே ஓடினான். "அண்ணாச்சி! நாயி வண்டில கீது! அப்ப கஞ்சி யாருக்கு?"

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கப்பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. லாரி தெருமுனையில் திரும்பிவிட்டது.

ரெண்டணா போச்சே என்று முனகிக்கொண்டே தேசப்பன் உள்ளே வந்தான். வாசல் கதவைச் சாத்தினான். பின்கட்டில் கடைசி அறைக்கு மட்டும் வெளியே நாதாங்கி போட்டிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

அவன் நாதாங்கியை நீக்கிக் கதவைத் தள்ளினான். கட்டிலில் சண்முகவேல் கிடந்தார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, நெற்றி நிறையத் திருநீறு. பயணத்துக்குத் தயாராக, ஒரு துணிப்பை அவர் மார்பின்மேல் இருந்தது. வெளிச்சம் தேசப்பனின் முதுகுப் பக்கமிருந்து வந்ததால் வந்திருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏல தங்கப்பாண்டி, மூட்டையெல்லாம் ஏத்தியாச்சுன்னா இனி என்னையத் தூக்குங்கடே."